எது பயன்படும் என்பதை எப்படி அறிவது? எர்ணாவூரை முன்வைத்து வளர்ச்சி ஆய்வுகளின் ஒரு நூற்றாண்டு

கேள்வியும் இடமும்

ஏழை நாடுகளில் நோயைக் குறைக்கவும், விளைச்சலைப் பெருக்கவும், பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் எடுக்கப்படும் முயற்சிகளில் எது பயன் தருகிறது? அதை எந்த முறையில் அறிவது? அறிந்து சொல்லும் தகுதி யாருக்கு? வளர்ச்சி பற்றிய ஆய்வுகள் நூறாண்டுக்கும் மேலாக இந்தக் கேள்விகளைச் சுற்றியே நடந்து வருகின்றன. உலகெங்கும் எடுத்தாளப்பட்ட விடைகளில் சில சென்னையிலும் அதன் அண்டை மாவட்டங்களிலும் உருவானவை. சேத்துப்பட்டின் காசநோய் ஆய்வு, திருவள்ளூர் வட்டாரத்தின் பிசிஜி தடுப்பூசி ஆய்வு, வட ஆற்காட்டின் பசுமைப் புரட்சி ஆய்வு ஆகியவை பாடநூல்களில் இடம்பெற்றவை.

அந்த விடைகளை எர்ணாவூரில் வைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம். கிழக்கே வங்கக் கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாயும் தெற்கே திருவொற்றியூரும் வடக்கே எண்ணூரும் சூழ்ந்த இவ்வூர், 2011 முதல் பெருநகர சென்னை மாநகராட்சியின் திருவொற்றியூர் மண்டலத்தில் இருக்கிறது. மீனவர் குப்பங்களும் ஆலைத் தொழிலாளர் வீடுகளும் சுனாமிக்குப் பின் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளும் இங்கே அருகருகே உள்ளன. சற்றுத் தள்ளி மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, அனல்மின் நிலையங்கள், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம். வேறு ஊர்களில் வேளாண்மை வகிக்கும் இடத்தை இங்கே மீன்பிடித் தொழில் வகிக்கிறது.

எர்ணாவூரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. ஒரே வீட்டில் தந்தையின் வலையும் தாயின் மூச்சிரைப்பும் பிள்ளையின் பள்ளி வருகையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அரசுக் கோப்பில் இவை மூன்று துறைகள். ஆய்வு நிறுவனங்களிலும் மூன்று துறைகளே. பிரித்துப் பார்த்து வளர்ந்த ஆய்வு மரபு, பிரியாமல் வாழும் மக்களுக்கு எவ்வளவு தூரம் பயன்படுகிறது என்பதை இங்கே தெளிவாகச் சோதித்துப் பார்க்கலாம்.

ஊரை முழுதாகப் பார்ப்போர்

முதல் மரபு ஊராய்வு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன், உணவு, சாதி, பள்ளி என அனைத்தையும் பதிவு செய்யச் சொன்னார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, தஞ்சைப் பகுதியின் பாலக்குறிச்சி, நெல்லைப் பகுதியின் கங்கைகொண்டான் முதலிய ஊர்களைப் பற்றிய அந்தத் தொகுப்பு 1918இல் வெளிவந்தது. அதே ஊர்களுக்குப் பின்வந்த தலைமுறை ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் சென்றார்கள். 1971இல் மால்கம் ஆதிசேசையா தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் அந்த மரபைத் தொடர்ந்தது. ஓர் ஊரை நூறாண்டு நெடுகப் பின்தொடர்ந்த இத்தகைய பதிவு உலகிலேயே அரிது.

இம்மரபின் வலிமை காலநீட்சி. வட ஆற்காடு இதற்கு நல்ல சான்று. 1973-74இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பி. எச். ஃபார்மர் தலைமையிலான குழு, தமிழகத்திலும் இலங்கையிலும் நெல் விளையும் ஊர்களை ஆராய்ந்தது. 1977இல் வந்த நூல் தன் தலைப்பிலேயே பசுமைப் புரட்சிக்குப் பின் ஒரு கேள்விக்குறி இட்டது. புதிய நெல் வகைகள் எதிர்பார்த்த அளவு பரவவில்லை; சிறு விவசாயிக்கு எட்டுமா என்பது ஐயம் என்பதே அன்றைய கணிப்பு. பத்தாண்டு கழித்து, அனைத்துலக உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதே வட்டாரத்துக்குச் சென்றன. பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் 1991இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது: சிறு விவசாயிகளும் புதிய வகைகளுக்கு மாறியிருந்தார்கள், அவர்களின் வருமானமும் நிலமற்றோரின் வருமானமும் கூடியிருந்தன. இதில் முதல் குழு தவறு செய்தது என்று சொல்வதற்கில்லை. மாற்றத்தின் நடுவழியில் எடுத்த அளவும் அதன் பின்னர் எடுத்த அளவும் வேறுபடுவது இயல்பு. இரண்டாம் முடிவையும் இறுதியானதாகக் கொள்ள முடியாது. கிணறுகள் ஆழமானதையும் நிலத்தடி நீர் வற்றியதையும் தொடர்ந்து வந்த ஆய்வுகள் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது.

இம்மரபின் பலவீனமும் வெளிப்படையானது. ஓர் ஊரில் கண்டதை எத்தனை ஊருக்குப் பொருத்தலாம் என்பதற்கு அதனிடம் உறுதியான விடையில்லை. கூலி உயர்ந்ததற்குப் புதிய நெல் காரணமா, சாலை காரணமா, சங்கம் காரணமா என்று பிரித்துச் சொல்வதும் கடினம். இன்னொரு குறையும் உண்டு. இம்மரபு வயலையே நோக்கியது. கடலோரக் குப்பங்களும் நகர விளிம்பின் ஆலைக் குடியிருப்புகளும் அதன் பார்வைக்குள் அரிதாகவே வந்தன.

குலுக்கல் முறைச் சோதனை

இரண்டாம் மரபு மருத்துவத்திலிருந்து வந்தது. ஒத்த நிலையில் உள்ளவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குப் புதிய சிகிச்சையையும் மற்றப் பகுதிக்கு வழக்கமான சிகிச்சையையும் கொடுத்து ஒப்பிடுவது இதன் அடிப்படை. வேறு காரணங்கள் இரு பக்கமும் சமமாகப் பரவிவிடுவதால், எஞ்சும் வேறுபாட்டைச் சிகிச்சையின் விளைவாகக் கொள்ளலாம்.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. அங்கே எழுப்பப்பட்ட கேள்வி மிகவும் நடைமுறை சார்ந்தது. நாட்டில் நோயாளிகள் எத்தனையோ இலட்சம். காசநோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் சானடோரியங்களில் படுக்கைகளோ சொற்பம். நெரிசலான வீட்டில், குறைந்த உணவோடு, ஓய்வின்றி இருக்கும் ஏழை நோயாளிக்கு மாத்திரை மட்டும் கொடுத்தால் குணமாகுமா? உடன் வாழ்வோருக்கு நோய் தொற்றாதா?

இந்த ஆய்வு நடந்த விதம் கவனிக்கத் தக்கது. நோயாளிகள் குலுக்கல் முறையில் வீட்டுச் சிகிச்சைக்கும் சானடோரியச் சிகிச்சைக்கும் பிரிக்கப்பட்டார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றோர் வாரந்தோறும் மையத்துக்கு வந்து மருந்து வாங்கினார்கள். மையத்தின் பணியாளர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வீடுகளுக்குப் போய் மீதமிருந்த மாத்திரைகளை எண்ணினார்கள். மருந்து உண்மையிலேயே உட்கொள்ளப்பட்டதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். 1959இல் வெளியான முடிவின்படி, ஓராண்டுச் சிகிச்சைக்குப் பின் வீட்டு நோயாளிகளில் 86 விழுக்காட்டினரும் சானடோரிய நோயாளிகளில் 92 விழுக்காட்டினரும் கிருமி நீங்கிய நிலையை எட்டினார்கள். குடும்பத்தாரை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்தபோது, வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்றும் தெரிந்தது. சானடோரியம் என்ற அமைப்பே உலகெங்கும் பழங்கதையாவதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். நோயாளி மருந்தை நேரில் கண்காணிப்போர் முன்னிலையில் உட்கொள்ளும் முறைக்கும் வேர் இங்கேதான்.

எதிர்பார்ப்புக்கு மாறான முடிவைச் சொல்லும் துணிவும் இம்மரபுக்கு உண்டு. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் பகுதியில் இலட்சக்கணக்கானோரை உள்ளடக்கித் தொடங்கிய பிசிஜி சோதனை, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி அங்கே தடுக்கவில்லை என்று காட்டியது. 1999இல் வெளியான பதினைந்தாண்டுப் பின்தொடர்வும் அதை உறுதி செய்தது. குழந்தைகளைக் கடுமையான காசநோய் வகைகளிலிருந்து காக்கிறது என்பதால் பிறந்தவுடன் பிசிஜி போடும் வழக்கம் தொடர்கிறது. ஆனால் நோய்ப் பரவலை அது ஒன்றே நிறுத்திவிடும் என்ற நம்பிக்கை போய்விட்டது.

1990களின் நடுப்பகுதி முதல் இம்முறை பள்ளிக்கும் கடனுக்கும் உரத்துக்கும் விரிந்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவரும் 2019இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றது அந்த விரிவுக்குக் கிடைத்த ஏற்பு. தமிழகத்தில் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் 320 அங்கன்வாடி மையங்களில் நடத்திய சோதனை, அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தினால் பிள்ளைகளின் கற்றல் உயர்வதோடு ஊட்டக்குறைவும் குறைகிறது என்று காட்டியது. கல்விக்கென்று சேர்த்த ஒரு கை உடல்நலத்துக்கும் உதவியது. துறைப் பிரிவுகளைத் தாண்டி நாம் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்தச் சோதனையே ஒரு சான்று.

சோதனை முறைமீதான ஐயங்கள்

இம்முறையை மறுப்போர் எழுப்பும் ஐயங்களை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, ஓரிடத்து முடிவு மற்றோரிடத்தில் பொருந்துமா என்பது. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாத குழந்தைக்குச் சத்துணவும் தாய்க்கு அறிவுரையும் வழங்கியது. இதை வெற்றியாகக் கண்ட உலக வங்கி, 1990களில் வங்கதேசத்தில் இதே மாதிரியைப் பின்பற்றியது. அங்கே எதிர்பார்த்த பயன் கிடைக்கவில்லை. மெய்யியலாளர் நான்சி கார்ட்ரைட்டும் ஜெரமி ஹார்டியும் தங்கள் 2012ஆம் ஆண்டு நூலில் இதற்குத் தந்த விளக்கம் எளிமையானது: வங்கதேச ஊர்களில் கடைக்குப் போவது ஆண்; வீட்டில் உணவைப் பங்கிடுவது மாமியார்; அறிவுரை பெற்றதோ தாய். திட்டம் அதேதான், அதைத் தாங்கும் குடும்ப அமைப்பு வேறு. வைட்டமின் ஏ ஆய்விலும் இதே சிக்கல் உண்டு. திருச்சி மாவட்டத்தில் வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்ததாக 1990இல் வந்த ஆய்வு சொன்னது. உத்தரப் பிரதேசத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருந்து கொடுத்து, பத்து இலட்சம் குழந்தைகளை உள்ளடக்கி நடந்து 2013இல் வெளியான ஆய்வு, குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் காணவில்லை. மருந்தளவு, கால இடைவெளி, தொடக்க ஊட்டநிலை என விளக்கங்கள் பல. ஒருமித்த கருத்து இன்னும் உருவாகவில்லை.

இரண்டாவது, சோதனை தான் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தரும் என்பது. பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன் முதலியோர், 'பலன் தந்தது' என்ற விடை 'ஏன் தந்தது' என்பதைச் சொல்வதில்லை என்று சுட்டுகிறார்கள். சென்னைக் காசநோய் ஆய்வின் பின்கதை இதற்குப் பொருந்தும். குறைந்த உணவு உண்டவர்களும் மருந்தால் குணமடைந்தார்கள் என்ற முடிவு, காசநோயில் உணவுக்குப் பெரிய இடமில்லை என்ற எண்ணத்துக்குக் காலப்போக்கில் இடம் கொடுத்தது. ஆனால் அந்த ஆய்வு கேட்டது, நோய் வந்தபின் குணமாவது பற்றி. பசித்த வீட்டில் அடுத்தவருக்கு நோய் வருமா என்பதை உணவை மாற்றிப் பார்த்து அது சோதிக்கவில்லை. அறுபதாண்டுக்கு மேல் கழித்து, ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளின் குடும்பங்களில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு அந்தக் கேள்வியைக் கேட்டது. இரு பிரிவிலும் நோயாளிக்கு உணவுப் பொருள் கிடைத்தது. ஒரு பிரிவில் வீட்டாருக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ துவரம் பருப்பும் கொடுக்கப்பட்டன. அந்த வீடுகளில் புதிய காசநோய் ஏறத்தாழ 39 விழுக்காடு குறைந்தது. இரு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. கேட்கப்படாத கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாக எண்ணியதில்தான் பிழை.

மூன்றாவது, சோதிக்கக் கூடியவற்றின் மீது மட்டுமே கவனம் குவிகிறது என்பது. மாத்திரையை, பாடமுறையை, ஊக்கத்தொகையைக் குலுக்கலில் பிரிக்கலாம். நில உரிமையையோ சாதியையோ துறைமுக விரிவாக்கத்தையோ அப்படிப் பிரிக்க முடியாது. ஏழையின் வாழ்வைத் தீர்மானிக்கும் பெரும் விசைகள் ஆய்வின் கண்ணில் படாமல் போகும் ஆபத்து உண்டு. எர்ணாவூருக்கு இந்த ஐயமே மிக நெருக்கமானது.

முதலில் செயல், பிறகு அளவு

மூன்றாம் மரபு, நியாயம் கண்கூடாகத் தெரியும்போது சான்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்கிறது. தமிழகத்தின் பள்ளி உணவு இதன் தலைசிறந்த எடுத்துக்காட்டு. 1920இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர் ஒருவருக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மாநிலமெங்கும் விரிந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கினார். 2001இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் சமைத்த உணவு வழங்க ஆணையிட்டது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. இந்தப் படிகளில் முதல் மூன்றும் குலுக்கல் முறைச் சோதனை பள்ளிக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே எடுத்துவைக்கப்பட்டவை. வீணானது என்று சொன்ன பொருளியலாளர்கள் 1982இல் இருந்தார்கள். ஆனால் பள்ளி மதிய உணவு பெற்று வளர்ந்த பெண்களின் குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறை குறைவு என்று அனைத்திந்தியத் தரவுகளைக் கொண்டு 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரு தலைமுறை கழித்துத் தெரியும் பலனை இரண்டாண்டுச் சோதனை எதுவும் பிடித்திருக்க முடியாது.

அமர்த்தியா சென்னும் ழான் திரேசும் இந்த மரபுக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர்கள். மக்கள் கோரிக்கையும் தேர்தல் அழுத்தமுமே பொதுநலப் பணிகளை நிலைநிறுத்துகின்றன என்பது அவர்கள் வாதம். இதன் பலவீனம், எந்தத் திட்டத்தையும் நிறுத்துவதற்கான அளவுகோல் இதனிடம் இல்லாதது. நல்ல நோக்கத்தோடு தொடங்கிப் பயன் தராமல் தொடரும் திட்டங்களைக் கண்டுபிடிக்க அளவு வேண்டும். இன்னொரு பலவீனம், ஓட்டு பலம் உள்ளவர் கோரிக்கையே கேட்கப்படுவது. மாநகரின் விளிம்பில் இருக்கும் சிறு குப்பத்தின் குரல் இந்த மரபிலும் எளிதில் தொலைந்துபோகும்.

அளக்கப்படுபவரே அளப்பது

நான்காம் மரபு இளையது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்மக்கள், 2004 வாக்கில் பிளாஸ்டிக் வாளிக்குள் பை பொருத்திய எளிய கருவியால் காற்றின் மாதிரியை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நெடி வரும் நேரம், திசை, தலைவலி, கண்ணெரிச்சல் ஆகியவற்றை ஏட்டில் குறித்து வைத்தார்கள். புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை உட்படப் பல நச்சு வேதிப்பொருள்கள் அம்மாதிரிகளில் இருப்பது தெரியவந்தது. அதுவரை வெறும் 'நாற்றம்' என்று தள்ளப்பட்ட புகாருக்கு வேதிப்பெயர் கிடைத்தது.

எண்ணூர்க் கழிமுகத்திலும் இதே போக்கு உருவானது. கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் கழிவு படிந்து ஆழம் குறைவதை வலை வீசுவோரே முதலில் சொன்னார்கள். 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடத்தில் நீர்நிலையாகக் காட்டப்பட்ட ஆயிரக்கணக்கான ஏக்கர் பரப்பு பின்வந்த வரைபடத்தில் மறைந்துவிட்டது என்று, தகவல் அறியும் உரிமையில் பெற்ற ஆவணங்களைக் கொண்டு மீனவர்களும் சூழலியல் ஆர்வலர்களும் வாதிட்டார்கள். 2022இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சாம்பலால் விளைந்த கேட்டைச் சீர்செய்யும் பொறுப்பை மின்வாரியத்தின்மீது வைத்தது.

அண்மைய சான்று 'காக்கா ஆழி'. தென்னமெரிக்காவைச் சேர்ந்த சிறு கருமட்டி இனம் இது. கப்பல்களின் நிலைநீரோடு வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஆற்றடியில் விரிப்புப்போல் அடர்ந்து படர்ந்து, மஞ்சள் மட்டியை மூடிவிடுகிறது. இறால் சேற்றில் புதைய இடம் விடுவதில்லை. கையால் துழாவி இறால் பிடிப்பவரின் விரலுக்கு முதலில் தட்டுப்பட்டது இந்த மாற்றம்தான். ஊர்ப்பெயரோடு அது பேச்சில் பரவிய பிறகே துறைகளின் கவனம் அதன்மீது திரும்பியது.

இம்மரபை மிகைப்படுத்தவும் கூடாது. வாளி மாதிரி ஒரு நேரத்துக் காற்றைச் சொல்லும்; ஆண்டுச் சராசரியைச் சொல்லாது. பாதிக்கப்பட்டவரே அளக்கும்போது மோசமான நாளே அதிகம் பதிவாகும் வாய்ப்பு உண்டு. நஷ்டஈடு பற்றிய எதிர்பார்ப்பும் பதிவைப் பாதிக்கலாம். ஆனால் ஆலை தரும் அளவுக்கும் இத்தகைய சாய்வு உண்டு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எந்த அளவும் மற்றோர் அளவால் சரிபார்க்கப்படும்போதே நம்பத் தக்கதாகிறது.

எர்ணாவூரில் இம்முறைகள் நேர்கொள்ளும் சோதனை

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எர்ணாவூரையும் எண்ணூர் முகத்துவாரத்தையும் அடைந்தது. வீட்டுச் சுவரிலும் படகிலும் வலையிலும் கறுப்புப் படிவு நின்றது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, எண்ணூர்ப் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 2024 அக்டோபரிலும் நவம்பரிலும் திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் வாயு நெடியால் மாணவியர் மயங்கினார்கள். நெடியின் மூலம் எது என்பதில் ஐயம் நீடித்தது. முதல் நிகழ்வு மீன்பிடித் தொழிலைத் தாக்கியது, இரண்டாவது மூச்சை, மூன்றாவது படிப்பை. பாதிக்கப்பட்ட வட்டாரம் ஒன்றே.

இங்கே எதைச் சோதிப்பது? ஆலையைக் குலுக்கல் முறையில் ஓர் ஊருக்குக் கொடுத்து மற்றோர் ஊருக்குக் கொடாமல் இருக்க முடியாது. எஞ்சுவது நீண்டகாலப் பின்தொடர்வு. அதற்கு நல்ல முன்மாதிரி தமிழகத்திலேயே உண்டு. ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து, காற்றில் நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது குழந்தையின் பிறப்பு எடை சுமார் 4 கிராம் குறைவதாக 2018இல் கண்டது. அதே குழு தமிழகத்தில் பங்கேற்க, இந்தியா உட்பட நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த எரிவாயு அடுப்புச் சோதனை, புகை குறைந்தும் பிறப்பு எடையில் தெளிவான வேறுபாடு இல்லை என்று 2022இல் சொன்னது. கர்ப்பத்தின் எந்த மாதத்தில் அடுப்பு மாறியது, வெளிக்காற்றின் மாசு எவ்வளவு என்ற கேள்விகள் இதனால் எழுந்தன. அடுப்பை மாற்றியும் தெருக்காற்று மாறாத ஊரில் என்ன ஆகும் என்பது எர்ணாவூருக்கு நேரடியாகத் தொடர்புடைய கேள்வி.

இத்தகைய பின்தொடர்வுக்கு முதல் தேவை, தொடக்க அளவு. அனல்மின் நிலையம் வருமுன் இருந்த மீன்வரத்து எவ்வளவு, குழந்தைகளின் நுரையீரல் திறன் எவ்வளவு, பள்ளிக்கு வராத நாள்கள் எத்தனை என்பவை பதிவாகியிருந்தால் இன்றைய நிலையோடு ஒப்பிடலாம். அது இல்லாதபோது, 'நிரூபிக்கப்படவில்லை' என்ற சொல் பாதிக்கப்பட்டவருக்கு எதிராகவே வேலை செய்கிறது.

மதிப்பீடு

நான்கு மரபுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது சில செய்திகள் ஓரளவு உறுதிப்பட்டுள்ளன எனலாம். மருந்து, தடுப்பூசி, பாடமுறை போன்று வரையறுத்துக் கொடுக்கக் கூடியவற்றுக்குக் குலுக்கல் முறைச் சோதனையை விஞ்சிய கருவி இல்லை. மெல்ல நிகழும் மாற்றங்களுக்கு ஊராய்வின் காலநீட்சி தேவை. எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதை ஊராரின் அறிவு அடிக்கடி முன்கூட்டியே காட்டியிருக்கிறது. கறாரான அளவும் மக்கள்மீதான பொறுப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு, நோயாளியின் குடும்பத்தையும் ஐந்தாண்டு பின்தொடர்ந்த சேத்துப்பட்டு ஆய்வே சாட்சி.

தீராத கேள்விகளும் உள்ளன. பல நச்சுகள் சேர்ந்து ஓர் உடலைத் தாக்கும்போது ஒவ்வொன்றின் பங்கை எப்படிப் பிரிப்பது? மீன்வரத்துக் குறைந்ததில் சாம்பல், எண்ணெய், காக்கா ஆழி, துறைமுகம், மிகைப்பிடிப்பு ஆகியவற்றின் பங்கு என்ன? ஊராரின் பதிவை நீதிமன்றமும் அறிவியல் இதழும் ஏற்கும் தரத்தில் அமைப்பது எப்படி? இவற்றுக்கு இன்றைய முறைகள் எதுவும் தனித்து விடை தர இயலாது.

ஆயினும் ஒரு முறைகேட்டைச் சுட்டாமல் முடிக்க இயலாது. ஏழைக்கு ஒரு வேளை உணவு கொடுப்பதென்றால், பயன் உண்டு என்று நிரூபிக்கும் சுமை கொடுப்பவர்மேல் வைக்கப்படுகிறது. ஏழையின் காற்றையும் ஆற்றையும் கெடுப்பதென்றாலோ, கேடு உண்டு என்று நிரூபிக்கும் சுமை மூச்சு விடுபவர்மேல் விழுகிறது. வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம், தீங்கில்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது என்று தீர்ப்பளித்துவிட்டது. சட்டம் எட்டிய அந்த இடத்தை ஆய்வு நடைமுறை இன்னும் எட்டவில்லை.

எனவே எண்ணூர் வட்டாரத்தில் இனி எந்த ஆலைக்கும் விரிவாக்கத்துக்கும் அனுமதி அளிக்கும் முன், மக்களின் நுரையீரல், மீன்வரத்து, பள்ளி வருகை ஆகிய மூன்றையும் ஒன்றாக அளந்து பதிவு செய்வதைக் கட்டாயமாக்க வேண்டும். செலவை ஆலை ஏற்கலாம். அளவைச் சுதந்திரமான நிறுவனம் எடுக்க வேண்டும். ஊரார் அதில் பங்கு பெற வேண்டும். முடிவுகள் தமிழில் எர்ணாவூர் மக்களின் கைக்கு முதலில் வர வேண்டும். நூறாண்டு ஆய்வு அனுபவம் உள்ள ஒரு நகரத்துக்கு இது இயலாத காரியமல்ல.